பெட்டியைச் சுற்றித் தெளித்த தண்ணீர்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

புனேயில் நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

கள்ளக்குறிச்சி, கரியாலூர் இரண்டில் எது முப்பது வருடங்களில் அதிகம் சூடாகியிருக்கிறது என்றுதான் ஒப்பிடுகிறேன். அதற்காக, பழைய பதிவுகளோடு சேர்த்துப் பார்க்கக் கள்ளக்குறிச்சியில் நம் வாசலில் வைத்த வெப்பமானிப் பெட்டி தினமும் மதியம் திடீரெனக் குளிர்ந்தது. அளவெடுக்க வரும் கரியாலூர்ப் பெண் தமிழ்ப்ரியாவிடம் போனில் கேட்டேன். சிரித்தாள்.

"அம்மாதாங்க்கா. நான் வெயில்ல நின்னுக்கினு இருக்கேன்னு பெட்டியச் சுத்தித் தண்ணி தெளிக்கிறாங்க. வேணாம்னாலும் கேக்கறதில்ல."

ஒரு மாத அளவுகள் வீண். அதைவிட, அவள்மேல் உனக்குள்ள பிரியம் என் கணினியில் தினமும் கோடாக இறங்குவதைப் பார்க்கத்தான் பொறாமையாக இருக்கிறது.

இனித் தெளிக்காதே. அவளை உள்ளே கூப்பிட்டு மோர் கொடு. என் டம்ளரில் வேண்டாம். அதைப் பார்சலில் இங்கே அனுப்பிவிடு.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது.

உன் மகள்,
செந்தமிழ்ச்செல்வி