கையெழுத்துப் போட்ட மாப்பிள்ளைக்கு

சங்ககிரி,
ஆவணி 3

மாப்பிள்ளை தமிழரசு அவர்களுக்கு மாமன் சின்னண்ணன் எழுதுவது. இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் அத்தை வசந்தாமணி சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுகிறாள். நான் மூன்று வேளையும் தின்கிறேன். கோபப்படவும் தெம்பு வேண்டும்.

என் மகள் மதுமதியின் சவப்பெட்டியைத் திறக்கக் கூடாது என்று விமானக் கம்பெனி ஆட்கள் சொன்னபோது நீங்களும் தலையாட்டினீர்கள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் பெண்ணின் மேல் போடுவதா, பெட்டியின் மேல் போடுவதா? லாரி லீவரால் நெம்பினேன். தடுத்தவனுக்கு முன்பல் போனது, போகட்டும். உள்ளே முகம் இல்லை. சீட்டு பெல்ட்டின் கொக்கி வயிற்றுச் சதையோடு வெந்து ஒட்டியிருந்தது. அதன் மேல்தான் சேலையை விரித்தேன்.

அன்றே என் லாரிப் பட்டறைக்குப் பின்னால் என் காலைக் கட்டிக்கொண்டு சொன்னீர்கள். "மாமா, பிளேன் வால்ல இருக்கிற திருகு மரை தேஞ்சு கெடந்துச்சுங்க. அடுத்த மாசம் மாத்திக்கலாம்னு மேனேஜர் சொன்னாருங்க. பறக்கலாம்னு நானும் கையெழுத்துப் போட்டுட்டனுங்க."

நான் அதிகம் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். அந்தத் திருகுதான் விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்குகிறதாம். கிரீஸ் வைக்கும் கெடுவைக் கம்பெனி தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. காய்ந்த மரை வழித்துக்கொண்டது. விமானம் குப்புறக் கரும்புக் காட்டில் குத்தி எரிந்தது. லாரி என்றால் ஓரம் கட்டலாம்.

தலை ஆடிக்கு நான் அழைத்த மகள் அதில் வருவாள் என்று தெரிந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டீர்கள். அப்படியென்றால் மற்றவர்கள் எல்லாம் யார் பெற்ற பிள்ளைகள்?

பைலட் ஆனந்தகுமாரின் தவறு என்று பேப்பரில் போட்டார்கள். நம் பங்காளி வீட்டுப் பயல்கள் புதுச்சத்திரம் போய் அவன் வீட்டை அடித்து நொறுக்கினார்கள். ஒரு கல் அவன் தாய் ஜானகியம்மாளின் மண்டையைப் பிளந்துவிட்டது. நேற்றுப் போய்ப் பார்த்தேன். கட்டுக்குள்ளிருந்து ரத்தம் இன்னும் கசிகிறது. அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை.

"உங்க பொண்ண எம்பையன்தான் கொன்னானுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, எங்க மாப்பிள்ளைங்க" என்றேன்.

ஆம், சொல்லிவிட்டேன். வசந்தாமணி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சொன்னது சொன்னதுதான்.

திங்கட்கிழமை விசாரணைக்கு உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மேனேஜர் பெயரைச் சொல்லுங்கள், உங்கள் பெயரையும் சொல்லுங்கள். செத்தவன் மேல் பழியைப் போட்டுவிட்டு இந்த வாசல் மிதித்தால் மாப்பிள்ளை என்று பார்க்க மாட்டேன், வெட்டிப் போடுவேன். இது வாய்வார்த்தை இல்லை.

உண்மையைச் சொன்னதற்காக உங்களை உள்ளே வைத்தால், ஜாமீனுக்கு நான் வந்து நிற்பேன். வேறு யாரையும் தேட வேண்டாம். வெளியே வந்ததும் நேராக இங்கே வாருங்கள். எங்களுக்கும் பிள்ளை என்று இனி நீங்கள் ஒருவர்தான்.

நன்றாக இருங்கள்.

மாமன்,
சின்னண்ணன்