பெயரையும் சேர்த்துச் சொல்

இன்று காலை கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர் நம்பர் கேட்டார். என் போனில் வந்திருந்த நான்கு இலக்கங்களைப் படித்துச் சொன்னேன். "சரிம்மா" என்று தன் போனில் தட்டிவிட்டு சிலிண்டரைத் தூக்கப் போனார். "இருங்க, இன்னா நம்பர் போட்டீங்கன்னு திருப்பிச் சொல்லுங்க" என்றேன். "தப்பா போட்டா இதுவே ஏத்துக்காதும்மா" என்று சிரித்தார். அவர் போன பிறகு, சிலிண்டர் வாஷரின் ரப்பர் வாசனையோடு அடுப்படியில் தனியாக நின்று நானும் சிரித்தேன். திருப்பிச் சொல்லச் சொல்வது என் பழக்கமே இல்லை. உன்னுடையது. எப்போது வந்து என்னிடம் ஒட்டிக்கொண்டது?

நீ போய் ஏழு மாதமாகிறது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு மதியம் நீ என்னிடம் ஒப்படைத்ததை உன் மகனிடம் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேனா என்பதை உன்னிடம் சொல்லவே முடியவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல். ஆனால் நான் டீச்சர். நேராக விஷயத்துக்கு வரமாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

விழுப்புரத்தில் ஒரே பெஞ்சில் படித்தோம். நான் பி.எட். முடித்துத் திண்டிவனம் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். வானூர்ப் பக்கம் மல்லாட்டை பயிரிட்டுக்கொண்டிருந்த குடும்பத்திலிருந்து நீ விமானங்களுக்கு வழி சொல்லும் வேலைக்குப் போனாய். ஊரில் அதை யாருக்கும் விளக்க முடியவில்லை. ஏர்ஹோஸ்டஸ் என்றே உன் கல்யாணப் பத்திரிகை வாங்கியவர்கள் பாதிப்பேர் நினைத்தார்கள். ரிட்டயரானதும் என் தெருவிலேயே வீடு கட்டிக்கொண்டு வந்தாய். அதற்குள் உன் வீட்டுக்காரரும் போய்விட்டிருந்தார். அப்போதுதான் நான் நாற்பது வருடமாகச் சேர்த்துவைத்திருந்த கேள்விகளைக் கேட்க ஆரம்பித்தேன்.

ஒரே நேரத்தில் எட்டு விமானம் வந்தால் யார் முதலில் இறங்குவது? இதுதான் என் முதல் கேள்வி. சத்துணவு வரிசையை உதாரணம் காட்டினேன்: சின்னப் பிள்ளைகள் முன்னால், பெரியவர்கள் பின்னால். நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

"உனக்கு எல்லாத்துக்கும் சத்துணவுதான். யார் முதல்ல வந்தாங்களோ அவங்கதான் முதல்ல. இறங்க வர்றவன் இருந்தா கிளம்புறவன் காத்துக்கினு இருப்பான். இன்ஜின் போனவன், உள்ள நோயாளி இருக்கறவன், இவங்க வந்தா எல்லாரையும் ஓரங்கட்டிட்டு வழி விடணும். அவ்ளோதான்."

"மந்திரி ஃபிளைட் வந்தா?"

"மந்திரிக்கும் வழி குடுப்போம். ஆனா இன்ஜின் அணைஞ்சவன் வந்தா மந்திரி மேலயே சுத்திக்கினு இருப்பாரு. அவரால சுத்த முடியும். இவனால முடியுமா?"

முதலில் ஆபத்து இல்லாமல், அடுத்து வரிசையாக, மூன்றாவதாகத்தான் ஜல்தி என்று விரல் மடக்கிச் சொன்னாய். மூன்றையும் இடம் மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "பேப்பர்ல வரும்" என்றாய்.

ரேடியோவைப் பற்றிக் கேட்டபோது நான் இன்னும் வியந்தேன். அத்தனை பேருக்கும் ஒரே அலைவரிசை. ஒருவர் பேசும்போது இன்னொருவர் பொத்தானை அழுத்தினால் இரண்டும் கெட்டு வெறும் கீச்சுச் சத்தம்தான் வரும். அதனால் முதலில் காது, பிறகுதான் வாய். ஆபத்தில் இருப்பவன் பேச ஆரம்பித்துவிட்டால் மற்றவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவனையும் கேள்விமேல் கேள்வி கேட்டுத் துளைக்கக் கூடாது, அவன் விமானத்தை ஓட்டட்டும். ஐம்பது பிள்ளைகள் "டீச்சர், டீச்சர்" என்று ஒன்றாகக் கத்தும் வகுப்பில் வாழ்ந்தவளுக்கு அப்படியோர் ஒழுங்கு நம்பவே முடியாததாக இருந்தது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அந்தத் திருப்பிச் சொல்லுதல். நீ எந்த உயரம், எந்தத் திசை, எந்த ஓடுபாதை என்று சொன்னால் விமானி அதை அப்படியே, கடைசியில் தன் விமானத்தின் பெயரையும் சேர்த்து, உனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். "சரி" என்று மட்டும் சொன்னால் போதாது. ஆட்டோக்காரரிடம்கூட நீ இதை விடவில்லை.

"மேம்பாலம் தாண்டி, மெடிக்கல் ஷாப்புக்கு எதிர்த்தாப்ல, வலது பக்கம் சந்து."

"சரிம்மா, ஏறுங்க."

"இன்னா சரி? நான் இன்னா சொன்னேன், சொல்லு."

"இன்னாம்மா, பரிச்சை வைக்கிறீங்க? டீச்சரா?"

"டீச்சர் இவ. நீ சொல்லு."

"மேம்பாலம் தாண்டி, மெடிக்கல் ஷாப், இடது பக்கம் சந்து."

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வையில் இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! நான் மானம் போகிறது என்று முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அவர் சொன்னது தப்பு என்று எனக்கு உறைக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து நீ சொன்னாய்: "திருப்பிச் சொல்ல வைக்கிறது பாதி வேலைதாண்டி. அதைக் காது குடுத்துக் கேக்கறதுதான் மீதி. நாம சொன்னதுதான் வரும்னு நினைச்சுக்கினு கேட்டா, தப்பும் சரியாத்தான் கேக்கும்."

அது எனக்கு உடனே புரிந்தது. நூறு விடைத்தாள் திருத்திய பிறகு நூற்றியோராவது தாளில் கண் அந்தப் பிள்ளை எழுதியதைப் படிக்காது. நம் மனசில் இருக்கும் விடையைப் படித்து மார்க் போட்டுவிடும். இதைச் சொன்னதும், சத்துணவுக்குப் பிறகு நான் கொடுத்த முதல் உருப்படியான உதாரணம் என்று பாராட்டினாய்.

அப்புறம்தான் அந்த இருமல். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டு வருகிறது என்றார்கள். மூன்றாவது முறை உன்னை முண்டியம்பாக்கத்தில் சேர்த்தபோது உன் மகன் துபாயிலிருந்து டிக்கெட் போட்டுவிட்டான். மறுநாள் மதியம்தான் வர முடியும். டாக்டரம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். சின்ன வயசு, பொறுமையாகப் பேசினார். "அடுத்த தடவை மூச்சுத் திணறினா தொண்டையில குழாய் வெச்சு மெஷின்ல போடணும். போட்டா திரும்ப எடுக்க முடியும்னு என்னால சொல்ல முடியலைங்க. பையன் வரட்டும், பேசி முடிவு பண்ணுங்க."

உள்ளே வந்தேன். என் முகத்தைப் பார்த்தே உனக்குத் தெரிந்துவிட்டது. நீ முகக்கவசத்தைக் கொஞ்சம் விலக்கி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு வாங்கிச் சொன்னாய்.

"குழாய் வேணாம். மெஷின் வேணாம். வீட்டுக்குக் கூட்டிக்கினு போகணும். இத அவன்கிட்ட நேர்ல சொல்லணும், போன்ல வேணாம்."

"சரி" என்றேன்.

நீ விரலைச் சுழற்றினாய். எதைக் கேட்கிறாய் என்று தெரிந்தது. பக்கத்துக் கட்டில்காரம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அதையே பார்த்தேன். திருப்பிச் சொல்லிவிட்டால் அது நடந்துவிடும் என்று தோன்றியது. முப்பத்தாறு வருடம் பிள்ளைகளை வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்தவளுக்கு நான்கு வரி வாயில் வரவில்லை. நீ அவசரப்படுத்தவில்லை, காத்திருந்தாய்.

"குழாய் வேண்டாம். மெஷின் வேண்டாம். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகணும். அவனிடம் நேரில் சொல்லணும், போனில் கூடாது." எப்படியோ சொல்லிவிட்டேன்.

நீ தலையை ஆட்டினாய், இல்லை என்று.

"எல்லாம் சொல்லிட்டேனேடி."

"யாரு சொல்லணும்?"

"டாக்டரம்மா இருக்காங்க. யாராவது..."

"பேரச் சொல்லுடி. பேர் இல்லாம வந்தா எந்த ஃபிளைட் எடுத்துக்கினதுன்னு எனக்கு எப்டித் தெரியும்? தெரிஞ்சாதான் நான் அடுத்த வேலையப் பாக்க முடியும்."

அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது எனக்கு. "படுத்துக்கினு கெடக்கிற, உனக்கு இன்னாடி அடுத்த வேலை?"

"தூங்கணும்" என்றாய்.

எத்தனை ஆயிரம் பெயர்களை வருகைப் பதிவேட்டிலிருந்து நான் வாசித்திருப்பேன். என் பெயரை நானே அப்படிச் சொல்ல நேர்ந்தது அன்றுதான் முதல் முறை. "சரோஜா" என்றேன். "நான் சொல்றேன். சரோஜா."

"கரெக்ட்." கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடினாய்.

மறுநாள் உன் மகன் வந்தபோது நீ பேசும் நிலையில் இல்லை. கூப்பிட்டால் புருவம் மட்டும் அசைந்தது. சின்ன வயசிலிருந்தே அவன் என்னைப் பெரிம்மா என்றுதான் கூப்பிடுவான். வராந்தா பெஞ்சில் உட்கார வைத்து நான்கையும் வரிசையாகச் சொன்னேன். அவன் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"அம்மா தெளிவாத்தான் சொன்னாங்களா பெரிம்மா? ஆக்சிஜன் கொறைஞ்சா என்ன பேசறோம்னே தெரியாதாம். நெட்ல படிச்சுக்கினுதான் வந்தேன். நாளைக்கு நான்தான் அம்மாவ சாகவிட்டேன்னு ஆயிடும்."

நியாயமான சந்தேகம். எனக்கே அது இரவெல்லாம் இருந்தது. அதனால் நடந்தது முழுவதையும் சொன்னேன், நான் என் பெயரை நழுவவிட்டதை, நீ அதைப் பிடித்ததை, தூங்கணும் என்றதை. புத்தி தடுமாறியவளால் என் தப்பைக் கண்டுபிடித்திருக்க முடியாது தம்பி என்றேன். நல்ல புத்தியோடு இருந்த எனக்கே அது தெரியவில்லை.

"பேர் கேட்டாங்களா?" என்றான். ஒரு கணம் சிரித்தான், உடனே முகம் கோணிவிட்டது. "சர்க்கரை வாங்க அனுப்பினாக்கூட வாசல்ல நிக்க வெச்சுத் திருப்பிச் சொல்ல வைப்பாங்க பெரிம்மா." பையை இறக்கி என் காலருகில் வைத்துவிட்டு, டாக்டரம்மாவைத் தேடிப் போய்க் கையெழுத்துப் போட்டான்.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் இருந்தாய். ஜன்னல் பக்கம் கட்டிலைத் திருப்பிப் போட்டோம். நான்காம் நாள் காலை, அவன் உன் உதட்டைத் துணியால் நனைத்துக்கொண்டிருந்தபோது போனாய். திணறல் அதிகம் இல்லை. இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. தூங்குவதற்காகத்தான் என் பெயரைக் கேட்டாயா? வேறு ஏதாவது உன் கணக்கில் இருந்ததா? ஏனென்றால் உன் மகன் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிடுகிறான். வெயில், வேலை, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று ஏதேதோ பேசிவிட்டு, வைக்கப் போகும் நேரத்தில், "பெரிம்மா, நான் செஞ்சது சரிதானே?" என்கிறான். ஆறுதல் சொல்லிப் பார்த்தேன், அது அவனுக்கு எட்டவில்லை. இப்போதெல்லாம் அந்த நான்கையும் நீ சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன். கடைசியில் என் பெயரையும் சொல்கிறேன். அதுவரை கேட்டுக்கொண்டே இருப்பான். பிறகு, "மதியம் மீன் குழம்பு வெச்சோம் பெரிம்மா" என்று ஆரம்பிப்பான்.