பன்னிரண்டாவது பத்துக்குப் பத்து

செவ்வாய்.

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், பாதுகாப்புத் தேர்வில் பன்னிரண்டாவது முறையாகப் பத்துக்குப் பத்து வாங்கிய அடியேன், இன்று முதல் ஓசூரின் ஒப்பற்ற மாணவன்.

இதைக் காலையில் எழுதினேன். இப்போது இரவு. அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அப்படியே இருக்கட்டும்.

சித்தப்பா பெயிண்டிங் கான்ட்ராக்டர். ஆளில்லாத பம்ப் ஹவுஸ்களில் வேலை. போனில் அரை மணி நேரப் பாதுகாப்பு வகுப்பைப் பார்த்து, பத்துக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னால்தான் கேட் பூட்டின் நம்பர் வரும். அவருடைய ஆட்கள் எல்லோருக்கும் நான்தான் பதில் போடுவேன். இன்று காலை கோவிந்தண்ணனுக்குப் போட்டேன்.

மத்தியானம் பாரூர் பக்கம் தொட்டிக்குள் பெயிண்ட் அடிக்க இறங்கியவர் மயங்கி விழுந்துவிட்டார். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை.

நானும் சித்தப்பாவும் அங்கே போனபோது, வராண்டாவில் கோவிந்தண்ணன் மனைவி செல்வியக்கா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, தொட்டில எறங்கறதுக்கு முன்ன என்ன பண்ணணும்னு அந்தக் கிளாஸ்ல சொன்னாங்களா?"

"சொன்னாங்கக்கா."

"என்னன்னு சொன்னாங்க?"

சித்தப்பா தரையைப் பார்த்தார்.

வகுப்பை ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை. ஓடவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போய்விடுவேன். தப்பான பதிலுக்குச் சிவப்பு வரும், மறுபடி அழுத்தலாம். பச்சை வரும்வரை அழுத்துவேன். என் பத்துக்குப் பத்து அவ்வளவுதான்.

தொட்டிக் கேள்விக்கு மூன்று தடவை சிவப்பு வந்தது ஞாபகம் இருக்கிறது. நான்காவதை அழுத்தினேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று படிக்கவில்லை.