சந்தனம் வைத்த துப்பாக்கியும் ஓராண்டுச் சிறையும்

என் அன்பு அப்பாவுக்கு,

குடும்பம் கூடி, இரண்டு முறை காபி குடித்து, ஒருமனதாக எடுத்த முடிவை முதலில் தெரிவிக்கிறேன்: இந்த ஆயுத பூஜைக்கு மிக்சிக்கும் மொபெட்டுக்கும் மட்டுமே பொட்டு. தோப்பு மண்வெட்டி பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது.

காரணம் உங்கள் துப்பாக்கி. மாந்தோப்பில் பன்றி விரட்ட நீங்கள் லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தது. நீங்கள் போனதும் லைசென்ஸும் உங்களோடு போய்விட்டது. துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்திருக்க வேண்டும். நாங்களோ அதை உங்கள் படத்துக்குக் கீழே சாத்தி வைத்து, வருடந்தோறும் பூஜை போட்டோம். உங்கள் கை பட்ட பொருளை எப்படித் தூக்கிக் கொடுப்பது?

பக்கத்தில் முதலமடையில் யாரோ பன்றி சுட்டார்களாம். எஸ்.ஐ. நம் வீட்டையும் சோதனை போட வந்தார். "ஆயுதம் ஏதாவது உண்டா?" என்றார். உங்கள் மருமகள் சரசு, "ஏனுங்க சார், மாமாவோட துப்பாக்கியைக் கேக்கறீங்களா? பூஜை ரூம்ல இருக்குதுங்க. பூட்ஸைக் கழட்டிட்டு வாங்க," என்றாள். வந்த நான்கு பேரும் கழற்றினார்கள். சோதனை அத்துடன் முடிந்தது. கைப்பற்றிய விவரம் எழுதும்போது பொட்டுகளையும் எண்ணி எழுதிக்கொண்டார்கள்.

கீழ்க்கோர்ட்டில் சர்க்கார் வக்கீல், "ஆயுதம் என்று தெரிந்துதானே பூஜையில் வைத்தீர்கள்?" என்று கேட்டார். எனக்கு ஓராண்டு சிறை. அப்பீல் முடியும்வரை ஜாமீன். நான் உள்ளே போய்விட்டால் மாங்காயை யார் இறக்குவது என்று சரசு அழுதாள். எனக்காகவும் கொஞ்சம் அழுதிருப்பாள்.

பாலக்காட்டில் அப்பீல். நம் வக்கீல் பரிசோதனை அறிக்கையை எழுந்து படித்தார்: குழல் முழுக்கக் காய்ந்த சந்தனம், சுட்டுப் பார்க்க இயலவில்லை. ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் திரும்பிச் சரசுவைப் பார்த்தேன்.

"மாமாவுக்குக் குளிர்ச்சியா இருக்கட்டும்னு வருசா வருசம் உள்ளயும் கொஞ்சம் உட்டேனுங்க," என்று கிசுகிசுத்தாள்.

சுடக்கூடியது என்று நிரூபிக்கப்படவில்லை, விடுதலை.

வாராவாரம் எண்ணெய் விட்டுத் துடைத்தவர் நீங்கள். கோபமா அப்பா?

இனி உங்கள் பெயரில் எது காலாவதியானாலும் மறுநாளே கொண்டுபோய் ஒப்படைப்பேன். இது சத்தியம். துப்பாக்கியை அழித்துவிடும்படி தீர்ப்பின் கடைசிப் பத்தியில் உத்தரவு இருக்கிறது.

உங்கள் மகன்,
முருகேசு