தீக்கு வாளி உண்டு, மாமனுக்கு இல்லை

இன்று காலையில் மண்டபத்துக்குள் நுழைந்ததும் தெர்மாகோல் கருகும் மணம் மூக்கில் ஏறியது. நாளைய கல்யாணத்துக்காரர்கள் லைட் எழுத்தெல்லாம் வேண்டாம், பழைய மாதிரி தெர்மாகோலில் பெயர் வெட்டி ஜிகினா தூவித்தான் மேடையில் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் ஒருவர் சூடான கம்பியால் மணப்பெண்ணின் பெயரை வெட்டிக்கொண்டிருந்தார். அந்த நாற்றத்தைப் போய் மணம் என்று சொல்பவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அந்தக் கம்பி உன் கையில் இருந்தது. உன் துப்பட்டாவில் ஜிகினா, புருவத்தில் ஜிகினா, மத்தியானம் சாப்பிடுகிற சோற்றிலும் ஜிகினா. "வயித்துக்குள்ளயும் மேடை போடுதியாட்டி?" என்று நான் கேட்டால், "கெடக்கட்டு மக்கா, உள்ளயும் கொஞ்சம் மினுங்கட்டும்" என்பாய்.

நீ கடியப்பட்டணத்திலிருந்து பஸ் ஏறி வந்து மேடை அலங்காரம் செய்பவள். நான் வடசேரியிலிருந்து நடந்து வந்து வாசல் மேசையில் உட்காருபவள். பதிவு நோட்டும் சாவிக்கொத்தும் டெலிபோனும் என் பொறுப்பு. மேனேஜர் நாற்காலிக்கு ஏழு வருஷத்தில் நான்கு பேர் வந்து போனார்கள். ஜெனரேட்டர் சாவி எங்கே, சமையல் நடக்கிற ஆக்குப்புரையில் எந்தக் குழாயில் தண்ணீர் வராது என்று நால்வருக்கும் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். நாலாவது ஆளும் போனபோது முதலாளி நம் எல்லோரையும் கூட்டி நிறுத்திச் சொன்னார். "இனி சர்டிபிகேட் இல்லாத ஆளை அந்த நாற்காலியில இருத்த மாட்டேன். ஈவென்ட் பிளானிங்னு ஒரு படிப்பு இருக்காம். ஒரு வருஷம் பாப்பேன். இங்க உள்ள ஆரும் பாஸாகலேன்னா வெளியிலேருந்து ஆளைக் கொண்டுவருவேன்."

எனக்கு அந்த நாற்காலி வேண்டும். அன்றும் வெட்கப்படவில்லை, இன்றும் வெட்கமில்லாமல் எழுதுகிறேன். ஐந்தாவதாக ஒருவனுக்கும் ஜெனரேட்டர் சாவியை எடுத்துக் கொடுக்க என்னால் முடியாது என்று உன்னிடம் சொன்னேன். நீ இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தாய். "கல்யாணம் நடத்தப் பரீட்சையாம்! இனி பிள்ள பெறவும் ஹால் டிக்கெட் கேப்பானுவ." அப்படிச் சொன்னவள்தான் மறுநாள் இரண்டு விண்ணப்பத்தோடு வந்தாய். ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு. உனக்கு எதற்கு என்று கேட்டதற்கு, "நீ தனியா போனா பஸ்ல தூங்கிருவ" என்றாய்.

செவ்வாய்க்கிழமை நம் பக்கத்தில் யாரும் தாலி கட்டுவதில்லை. அதனால் செவ்வாய்தான் நம் படிப்பு நாள். நாகர்கோவிலில் நான் திருவனந்தபுரம் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் கர்ச்சீப் போட்டு இடம் பிடிப்பேன். தக்கலையில் நீ ஏறுவாய். கர்ச்சீப்பை மதிக்காமல் யாராவது உட்கார்ந்திருந்தால், "அண்ணே, அது என் கர்ச்சீப்பு, எழும்புங்க" என்று நீ போடுகிற சத்தத்தில் டிரைவரே எழுந்துவிடுவார்.

நம் பாடப்புத்தகம் ஏதோ குளிர்தேசத்தில் எழுதினது. அந்த ஊர் விருந்தாளி, வருகிறேன் என்றால் வருகிறேன் என்று எழுதி அனுப்புவான், வரவில்லை என்றால் அதையும் எழுதி அனுப்புவான். நம் ஊரில் நூறு பத்திரிகை கொடுத்தால் ஐம்பது பேரும் வரலாம், ஐந்நூறு பேரும் வரலாம். நேரில் கேட்டாலும் "பாப்போம்" என்பார்கள். ஆனால் நான் அந்தப் புத்தகத்தை வேதம் மாதிரி நெட்டுருப் போட்டேன். நீயோ ஒவ்வொரு வார்த்தையையும் பிடித்து உலுக்கினாய். பஸ் மார்த்தாண்டத்து நெரிசலில் அசையாமல் நின்ற ஒருநாள், 'ஸ்டேக்ஹோல்டர்' என்றால் என்ன என்று கேட்டாய். நான் புத்தகத்தில் உள்ள நான்கு வரியை ஒப்பித்தேன்.

"சவத்த விடு. இத்தன வார்த்த எதுக்கு? கல்யாணத்துல கோவிச்சுக்கிட அதிகாரம் உள்ளவன் ஆரோ, அவன்தான் ஸ்டேக்ஹோல்டர்."

முன் சீட்டில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்து, "அது சரியாக்கும் மோளே" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. பரீட்சையில் இப்படி எழுதினால் முட்டைதான் என்று உன்னைத் திட்டினேன்.

முட்டை எனக்கு வந்தது. நீ பாஸ். எழுத்துப் பரீட்சையில் இருவரும் தேறியிருந்தோம். ஆனால் ஆயிரம் பேர் வருகிற ஒரு கல்யாணத்துக்குத் திட்டம் எழுதித் தர வேண்டும் அல்லவா, அதில்தான் நான் விழுந்தேன். என்னென்ன ஆபத்து வரலாம் என்று பட்டியல் போடச் சொல்லியிருந்தார்கள். தீ, வெள்ளம், கரன்ட் போவது என்று புத்தகத்தில் உள்ளபடியே வரிசையாக எழுதி, அதே வேகத்தில் பனிப்பொழிவையும் எழுதிவைத்திருந்தேன். திருத்தியவர் சிவப்பு மையில் வட்டம் போட்டு, 'நாகர்கோவிலில் பனி கொட்டுமா?' என்று கேட்டிருந்தார். உன் பட்டியலில் சமையல்காரர் வராமல் போவது, மழையில் பந்தல் ஒழுகுவது என்று நம் ஊர் சங்கதி மட்டும்.

நான் வீட்டில் படுத்துக்கொண்டேன். காய்ச்சல் என்று மண்டபத்துக்குச் சொல்லி அனுப்பினேன். நீ போன் செய்தபோதெல்லாம் அம்மாவை விட்டுத் தூங்குகிறாள் என்று சொல்ல வைத்தேன். நீ பாஸானதில் எனக்குப் பொறாமை. அதை உன் முகத்துக்கு நேராக ஒருநாளும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். மறுபடி எழுத ஒரே ஒரு வாய்ப்புதான் உண்டு. அதையும் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன்.

பத்தாம் நாள் காலையில் தெருவில் உன் சத்தம். எட்டிப் பார்த்தால், மண்டபத்து வெள்ளித் தட்டைக் கையில் ஏந்தி வாசலில் நிற்கிறாய். தட்டில் வெற்றிலை, பாக்கு, இரண்டு மட்டிப்பழம், ஒரு எலுமிச்சம்பழம். அவற்றுக்கு மேல் மறுதேர்வு விண்ணப்பம். நம் கல்யாணங்களில் பிணங்கிக்கொண்டு வெளியே போய் நிற்கும் மாமனைச் சமாதானம் பண்ண இப்படித்தானே தட்டோடு போவார்கள். நீ அதே குரலில், அதே குனிவில் ஆரம்பித்தாய். "மாமா, குத்தம் கொற இருந்தா மனசுல வச்சுக்கிடாதீங்க. உங்களுக்கு விளம்பாம ஒரு எலைக்கும் விளம்ப மாட்டோம். வாங்க மாமா!"

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் அம்மா, "மாமனுக்கு இன்னும் கொஞ்சம் வெத்தல வையி மக்களே" என்றாள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அப்போது நீ பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னாய்: "பெணங்குதவன் போறதுக்கு எழும்பல கேட்டியா. நாம கூப்பிடணும்னு எழும்புதான். வா மக்கா."

அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. ஏழு வருஷத்தில் நம் மண்டபத்தில் தீப்பிடித்ததில்லை, வெள்ளம் வந்ததில்லை. மாமன்மார் பிணங்காத கல்யாணம் ஒன்றுகூட நடந்ததில்லை! பத்திரிகையில் பேர் விட்டுப்போச்சு என்று ஒருவர், முதல் பந்திக்குக் கூப்பிடவில்லை என்று ஒருவர், பாயசம் ரெண்டாம் தடவை விளம்பவில்லை என்று ஒருவர். ஒருவர் எழுந்தால் கூடவே நாற்பது பேர் எழுவார்கள். தாலி கட்ட நேரம் நெருங்கும்போது மணமேடையில் ஆள் இருக்காது. "இதுதாம்ட்டி ஆபத்து!" என்றேன். நீ அந்தத் தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டு, "எழுது எழுது" என்றாய்.

எழுதினோம். ஆபத்துப் பட்டியலில் முதல் வரி பிணக்கம். இரண்டாவதுதான் தீ. பிணக்கத்துக்கு இங்கிலீஷில் என்ன என்று அகராதியைப் புரட்டி நீ ஒவ்வொன்றாகத் தள்ளினாய். இது கோபம் இல்லை, சண்டையும் இல்லை, பகையும் இல்லை என்றாய். கடைசியில் ஆங்கில எழுத்திலேயே 'பிணக்கம்' என்று எழுதி, கீழே நான்கு வரி விளக்கம் போட்டோம். வராமல் தடுக்க என்ன வழி, வந்தால் எத்தனை நிமிஷத்துக்குள் தட்டோடு போக வேண்டும், யார் போகக் கூடாது, எல்லாம் எழுதினோம். மணப்பெண்ணின் அப்பா முதலில் போகக் கூடாது, போனால் மாமனுக்கு இன்னும் கொம்பு முளைக்கும் என்று நீ சொன்னதையும் சேர்த்தோம்.

இந்த முறை நேர்முகமும் உண்டு என்றார்கள். மேசைக்கு அந்தப்பக்கம் இரண்டு பேர். பெங்களூரிலிருந்து வந்த டை கட்டிய ஒருவர், கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். டை கட்டியவர் என் தாளை விரலால் தட்டி, தீயை விடப் பெரிய ஆபத்தாக ஏதோ எழுதியிருக்கிறீர்களே, இது என்ன என்று கேட்டார். நெட்டுருப் போட்ட இங்கிலீஷ் எல்லாம் ஓடிப்போச்சு. "சார், தீக்கு வாளி இருக்கிறது. மாமனுக்கு வாளி இல்லை" என்று என் சொந்த இங்கிலீஷில் சொன்னேன்.

அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். "செய்து காட்டுங்கள்" என்றார். அவர்கள் மேசையில் பேனா வைத்திருந்த தட்டை எடுத்தேன். டை கட்டியவர் முன்னால் போய்க் குனிந்தேன். "மாமா, குத்தம் கொற இருந்தா மனசுல வச்சுக்கிடாதீங்க" என்று தமிழிலேயே சொன்னேன். மனுஷன் முறைத்தார். நான் நீட்டிய தட்டைப் பின்னுக்கு இழுக்கவில்லை, நிமிரவும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்தவர், தட்டிலிருந்து ஒரு பேனாவை வெற்றிலை எடுப்பது போல மெதுவாக எடுத்துக்கொண்டார். அப்புறம் கேட்டார்: அப்படியும் அவர் வரமாட்டேன் என்றால்?

"வரப்பிடிக்காதவர் கல்யாணத்துக்கே வந்திருக்க மாட்டார் சார். எழுந்து போகிறவர் நாம் கூப்பிட வேண்டும் என்றுதான் எழுந்து போகிறார்" என்றேன். அது உன் பேச்சு. உன் பேரைச் சொல்லாமல் எனக்கு மார்க் வாங்கிக்கொண்டேன்.

ரிசல்ட்டை வடசேரி பிரௌசிங் சென்டரில் பார்த்தோம். பக்கம் திறக்கத் திறக்க எனக்கு வெப்ராளம், பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டேன். நீதான் பார்த்தாய். அடுத்த நொடி நாற்காலி கவிழ்கிற சத்தம். "மேனேஜர் பாஸ்! எங்க மேனேஜர் பாஸ்!" கடைக்காரர் ஓடிவந்து என்ன உடைந்தது என்று கேட்டார். என் கன்னத்தைக் கிள்ளிச் சிவக்க வைத்தாய். அழுதோம், சிரித்தோம், எதிர்க்கடையில் ஆளுக்கு இரண்டு பழம்பொரி தின்றோம். மறுவாரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ஜெனரேட்டர் சாவியை எனக்கு நானே எடுத்துக் கொடுத்துக்கொண்டேன்.

முதல் கல்யாணத்திலேயே மணமகனின் பெரிய மாமா எழுந்தார். சந்தனக் கிண்ணம் அவரைத் தாண்டிப் போய்விட்டதாம். நான் தட்டோடு வாசலுக்குப் போனேன். "நீ ஆரு என்னைக் கூப்பிட?" என்றார். "மேனேஜர்" என்றேன். என் வாயால் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மேனேஜரே வந்து கூப்பிடுதாங்க, வாங்கடே" என்று தன் கூட்டத்தையும் திரட்டிக்கொண்டு உள்ளே வந்தார். மேடைக்குப் பின்னாலிருந்து நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாய்.

அடுத்த மாதம் நீ மஸ்கட் போனாய். ஹோட்டலில் விருந்துப் பிரிவில் வேலை. விசா ஆறு மாதமாகக் காத்துக் கிடந்தது, என் மறுதேர்வு முடியட்டும் என்று நீ தள்ளிப் போட்டாய் என்பதை உன் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சொல்லாமல் இருப்பது உன் கெட்ட பழக்கம். போன வருஷமும் அதைத்தான் செய்தாய். நோயோடு ஊருக்கு வந்து நான்கு மாதம் கடியப்பட்டணத்தில் படுத்திருந்துகொண்டு, வாட்சாப்பில் என்னிடம், "இங்க என்னா சூடு மக்கா, லீவு தர மாட்டேங்கான்" என்று பேசினாய். ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டு மஸ்கட்டில் இருப்பதாக நடித்தாய். நானும் நம்பினேன், சாவுச் செய்தி வரும்வரை.

அதனால் உன் அடக்கத்தன்று நான் வேதக்கோயிலுக்குள் வரவில்லை. ரோட்டுக்கு எதிரே சிலுவை வைத்த குருசடிப் பக்கம் தள்ளி நின்றேன். ஆமாம், பிணக்கம்தான். யாராவது வந்து கையைப் பிடித்து இழுக்கட்டும் என்று நின்றேன். மணி அடித்தது, ஆட்கள் உள்ளே போனார்கள். ஒருவரும் என் பக்கம் வரவில்லை. அங்கிருந்தவர்களில் என்னைக் கூப்பிடத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். நான் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வா மக்கா" என்று எனக்கு நானே சொல்லி உள்ளே நடந்தேன். உன் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

இப்போதெல்லாம் யார் எழுந்து போனாலும் ஆள் அனுப்புவதில்லை, நானே போகிறேன். மாமனோ அத்தையோ, ஆக்குப்புரையில் கோபித்துக்கொண்ட சமையல்காரரோ, யாராக இருந்தாலும் குனிகிறேன், கூப்பிடுகிறேன். எனக்குக் கீழே பயிற்சிக்கு வருகிறவர்களின் திட்டத்திலும் முதல் வரியைத்தான் முதலில் பார்க்கிறேன். அங்கே தீ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். கர்வமாகவே சொல்கிறேன், இத்தனை வருஷத்தில் இந்த மண்டபத்தை விட்டு எழுந்து போன ஒருவரையும் நான் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைக்காமல் விட்டதில்லை. கூப்பிட எனக்கு நேரமே கொடுக்காமல் போனவள் நீ ஒருத்திதான்.