தேவகியின் படம்

4-8-91
பெரிய பேரன் சஞ்சய் ஐ.டி.ஐ. பாஸ், அம்பத்தூர் கம்பெனியில் வேலை. பேத்தி மஹாலட்சுமி டீச்சர் ட்ரெய்னிங். சின்னவன் கபடியில் ஜில்லா வரைக்கும் போய்க் கோப்பை வாங்கியவன். எல்லாருக்கும் மேலே செந்தாமரை. பட்டணத்துக் காலேஜில் ஓவியப் படிப்பு முடித்து, அதிலேயே மேல்படிப்பும் படிக்கிறாள். பென்னலூரில் யாருக்கு இருக்கிறது இப்படி ஒரு பேத்தி?

11-8-91
அடுத்த வீட்டுச் செங்கமலத்தின் பெண் தேவகி மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். ஆறு வயது. இதுவரை ஒரு போட்டோகூட எடுத்ததில்லை. இன்றைக்குத்தான், நாற்காலியில் சாத்தி உட்காரவைத்து எடுத்தார்கள்.

27-8-91
செங்கமலம் அந்தப் போட்டோவோடு வந்தாள். "கண்ணு தொறந்தா மாதிரி யாராச்சும் படமா எழுதித் தருவாங்களா அத்தே?"
யாராச்சும் என்ன, என் பேத்தி இல்லையா என்றேன். தாமரைக்குத் தபாலில் அனுப்பியாயிற்று.

15-9-91
தாமரை எழுதியிருக்கிறாள். "அந்தப் பொண்ணு கண்ணை நான் பாத்ததே இல்லையே ஆயா. எப்படித் தொறக்கிறது?"
நான் பார்த்திருக்கிறேனே. உருண்டைக் கண், சிரித்தால் மூடிக்கொள்ளும் என்று கார்டு நிறைய எழுதிப் போட்டேன்.

20-10-91
படம் முடிந்தது, காலேஜ் கண்காட்சிக்கு வாருங்கள் என்று தாமரை எழுதியிருந்தாள். செங்கமலத்தை நானே அழைத்துப் போனேன்.
சுவர் உயரப் படத்தில் நாற்காலி. அதில் தேவகி. மூடின கண்ணோடுதான். தாடையைக் கட்டின துணிகூட இருக்கிறது. ஜனங்கள் நின்று நின்று பார்க்கிறார்கள். வாத்தியார் தாமரையைத் தட்டிக்கொடுக்கிறார்.
செங்கமலம் முந்தானையை விரித்துப் படத்தை மறைக்கப் போனாள். "தொடாதம்மா" என்றான் காவல்காரன்.
திரும்பும்போது பஸ் பூந்தமல்லி தாண்டிற்று. அப்போதுதான் கேட்டாள், "ஊரு பாக்கறதுக்கா குடுத்தேன்?"


24-10-91
என்னைக் கண்டால் செங்கமலம் குடத்தோடு திரும்பிப் போகிறாள்.

10-11-91
தாமரை வந்தாள். படத்தை டில்லிக் கண்காட்சிக்கு எடுத்திருக்கிறார்களாம். இவளும் கூடப் போகிறாளாம். அனுப்பாதே என்றேன்.
"பொய்யா ஒரு கண்ணை ஒட்டச் சொல்றியா ஆயா? அது என் படம்."
அது அவ புள்ளைடீ என்றேன்.
சாப்பிடாமலே கிளம்பிவிட்டாள். டில்லி! வேறே படமாயிருந்தால் தெரு முழுக்கச் சொல்லிக்கினு வந்திருப்பேனே. இப்போ யார்கிட்ட போய்ச் சொல்றது—

22-12-91
செங்கமலம் தானே வந்தாள். உள்ளே வரவில்லை.
"அது இப்போ எங்க கீது?"
டில்லியில் என்றேன். கதவைப் பிடித்துக்கொண்டாள்.
"அங்க ரொம்பக் குளிராமே, அத்தே?"
கட்டடத்துக்கு உள்ளேதான் மாட்டியிருப்பார்கள் என்றேன். எனக்கு மட்டும் என்ன தெரியும்?
தாமரைக்கு எழுதிவிட்டேன். மாட்டியிருக்கிற இடத்தை ஒரு போட்டோ எடுத்து உடனே தபாலில் போடு. பக்கத்தில் ஜன்னல் இருந்தால், அது சாத்தியிருப்பது தெரியட்டும்.