ரிமோட் யார் கையில்

தை 20, செவ்வாய்

விடிந்ததிலிருந்து கிழக்குக் காற்று. துணி காயப்போட முடியவில்லை.

மரமேறி வந்தார். என் வீட்டுக்காரர் இறந்து நாற்பத்திரண்டு நாள் கழித்து. அந்தத் தென்னையில் இனிமேல் ஏற மாட்டேன் என்றார். நீங்கள் ஏறாவிட்டால் நான் ஏறுகிறேன் என்றேன். ஏறினார். மாட்டிக் கிடந்த கிளைடரை, வீட்டுக்காரர் செய்த அந்த ரிமோட் விமானத்தை, கயிற்றில் கட்டி மெதுவாக இறக்கினார். அவ்வளவுதான் வேலை. என் வீட்டுக்காரர் இவர் வரும்வரை பொறுத்திருக்கலாம். நாற்பத்தாறு வயதில் தானே ஏறினார். விழுந்தார்.

இடது இறக்கை பாதி இல்லை. மேலெல்லாம் காக்கை எச்சம். வால் உடையவில்லை.

கொழுந்தன் பழனிச்சாமி வாசலில் நின்று சொன்னது: "அதைய அடுப்புல போடுங்க நங்கையா. ஓட்டத் தெரியாத மனுசனுக்கு எதுக்கு ராக்கெட்டு? நேராப் போறதைக் கொண்டுபோயி மரத்துல சொருகிட்டு."

டீ கொடுக்கவில்லை.

தை 21, புதன்

கல்யாண மேடைக்குத் தெர்மாகோல் வேலை. மணமக்கள் பெயர், இரண்டு மயில். பெயர் வெட்டி முடித்தேன். மயில் நாளை. மிச்ச தெர்மாகோலில் கிளைடருக்கு இறக்கை.

அவர் வரைந்து வைத்த அட்டை இருக்கிறது. சூடேற்றிய கம்பியை ஒரு முனை நான், மறு முனை அவர் பிடித்துத்தான் வெட்டுவோம். மறு முனைக்கு இன்று ஆள் இல்லை. ஆணியில் கட்டி, செங்கல்லைத் தொங்கவிட்டு வெட்டினேன். முதல் துண்டு உருகிப் பள்ளம். இரண்டாவது சரி.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே பேச்சு. விளையாட்டுச் சாமானுக்காகப் போனான். ஓட்டத் தெரியாமல் மரத்தில் விட்டான். எத்தனையோ தடவை நான் பார்க்க விட்டிருக்கிறார். ஒரு தடவைகூட மரத்துப் பக்கம் போனதில்லை. அன்றைக்கு மட்டும் எப்படி?

வேண்டியது: பசை. டேப். களிமண் (மூக்குக்கு). மணி.

மணி வேலந்தாவளத்தில் செல்போன் ரிப்பேர் பார்க்கிறவன். அவருடைய கூட்டாளி. அன்று கூட இருந்தவன் அவன் ஒருவன்தான். காரியம் முடிந்தபின் தலைகாட்டவில்லை.

தை 23, வெள்ளி

மூன்று தடவை போன் போட்டபின் வந்தான்.

"எதுக்குங்க்கா இது?"

"நான் உடோணும். சொல்லிக்குடு."

இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் வைத்துத் தூக்கினால் மூக்கு லேசாகத் தாழ வேண்டுமாம். தாழவில்லை. களிமண் ஒட்டினோம். மருந்து எரியும் இரண்டு விநாடிதான் அது ராக்கெட். எரிந்து முடிந்தால் பருந்து. ரிமோட்டுக்கு அப்புறம்தான் வேலை.

கடலை பிடுங்கின காட்டில் மருந்து இல்லாமல் பழக்கம். அவன் கையால் வீச, நான் ரிமோட். பதினோரு தடவை. ஒன்பது தடவை மண்ணில்.

"நம்மளப் பாத்து வாறப்ப மட்டும் சூதானம்ங்க்கா. அப்ப எல்லாம் தலைகீழ். நம்ம வலப்பக்கம் போகோணும்னா ரிமோட்டுக் குச்சிய எடப்பக்கம் தள்ளோணும். அன்னைக்கு எனக்கு அதுதான் கை மாறி..."

நிறுத்திக்கொண்டான்.

"அன்னைக்கு ரிமோட் யார் கையில மணி?"

மண்ணைப் பார்த்தான்.

"எங்கையிலதானுங்க்கா. ஒருக்கா ஓட்டறேன்னு நாந்தான் கேட்டு வாங்கினேன். மரத்துல மாட்டிக்கிச்சு. மரமேறியக் கூட்டியாறேன்னு வண்டி எடுக்கப் போனேன். திரும்பிப் பாத்தா அண்ணன் பாதி மரத்துல இருக்காருங்க."

நாற்பத்தைந்து நாள். துக்க வீட்டில் எல்லாரோடும் உட்கார்ந்திருந்தான். ஓட்டத் தெரியாதவன் என்று அவரைப் பேசினார்கள். கேட்டுக்கொண்டு இருந்தான். கையில் இருந்த களிமண்ணை எறிந்தேன். நெஞ்சில் பட்டது. துடைக்கவில்லை.

"ஏறுனது அவரு புத்தி. அதுக்கு உன்னையச் சொல்ல மாட்டேன். மரத்துல உட்டது நீயி. ஞாயித்துக்கெழமை எங்கொழுந்தன் முன்னாடி அதைய உன் வாயால சொல்லு."

தை 24, சனி

மயில் கொடுத்தாயிற்று. ஒன்றுக்குக் கழுத்து கோணல். அவர்கள் கவனிக்கவில்லை.

கோபம் மணி மேலா, அவர் மேலா. கீழே நின்று என்னைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் ஏசுவேன் என்று ஏறினாரோ. ஏசியிருப்பேன்தான்.

பேட்டரி சார்ஜ் போட்டேன்.

தை 25, ஞாயிறு

காற்று குறைவு. கொழுந்தன் வந்தான், அவன் பெண்டாட்டியும். வேடிக்கை பார்க்க இன்னும் நாலு பேர். "புருசன் போயி அம்பது நாளாகலை, பட்டாசு உடறா பாரு" என்றாள் ஒருத்தி. எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள்.

மணி சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே சொன்னான். முழுதும் சொன்னான்.

"இதைய இப்பச் சொல்லி? போன உசுரு வருமா?" கொழுந்தன்.

"உசுரு வராது. அவரைச் சொன்னதத் திருப்பி எடுத்துக்கங்க."

செருப்பைப் பார்த்தான். எடுத்துக்கொள்ளவில்லை.

காட்டில் நட்ட கம்பியில் கிளைடரை நிறுத்தினோம். மணி ஸ்விட்சைத் தட்டினான். ஒரே சீறல். வெள்ளைப் புகைக்கோடு. பிறகு சத்தமே இல்லை. அத்தனை உயரத்தில் நான் வெட்டின இறக்கை. குச்சியைத் தள்ளினேன், கேட்டது. ஒரு வட்டம். இன்னொன்று. அப்புறம் திரும்பி நேராக என்னைப் பார்த்து வந்தது.

"அக்கா, மாத்துங்க! மாத்துங்க!"

எனக்கும் கை மாறிவிட்டது. வாய்க்கால் கரையில் குத்தி, மூக்கு நொறுங்கியது.

கொழுந்தன் உடனே மணியின் பக்கம் திரும்பினான். "மறுபடியும் உன்ற வேலைதானாடா?"

"அவனில்லை. நாந்தான். தப்பாத் தள்ளிட்டேன்" என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். சொல்ல ஒரு மூச்சுக்கூட ஆகவில்லை.